வேட்டைக்கு எது தோது: சின்ன பிக்கப்பா, சைட்-பை-சைடா?

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் (பெரிய மான் வகை), மான் வேட்டைக்காக பிக்கப் வாங்குவதா, பாதுகாப்புக் கூண்டுக்குள் அருகருகே உட்கார்ந்து ஓட்டும் சைட்-பை-சைடு என்ற காட்டு வண்டி வாங்குவதா என்று நினைப்பவர்கள் குதிரைத்திறன், டயர், விலை என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டு முடித்துவிட்டு, போகப்போகிற காட்டின் வரைபடத்தைக் கடைசியாகத்தான் பிரிக்கிறார்கள். வரிசை தலைகீழ். அந்தக் காட்டின் எந்தப் பாதையில் எவ்வளவு அகல வண்டி போகலாம் என்ற விதிதான் முக்கால்வாசி முடிவை எடுத்துக் கொடுக்கும். மிச்சம் கால்வாசிக்குத்தான் நம் விருப்பு வெறுப்பெல்லாம்.

முதலில் வரைபடம்

2005-இல் வந்த பயண மேலாண்மை விதிப்படி, வனத்துறை ஒவ்வொரு தேசியக் காட்டுக்கும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் ஒன்றை வெளியிடுகிறது. எல்லோரும் எம்.வி.யூ.எம். என்பார்கள். இலவசம்தான். செயலியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நாம் நிற்கும் புள்ளி அதன்மேல் தெரியும். பார்க்க அழகாக இருக்காது. கறுப்பு வெள்ளையில் வெறும் கோடுகள். ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது அதுதான். தரையில் டயர் தடம் பளிச்சென்று தெரிந்தாலும், வரைபடத்தில் அந்தக் கோடு இல்லையென்றால் அது மூடிய பாதை.

கோடுகளில் முக்கியமானவை மூன்று வகை. பதிவெண் உள்ள, நெடுஞ்சாலையில் ஓட்டத் தகுதியான வண்டிகளுக்கு மட்டுமான சாலை ஒன்று. எல்லா வண்டிகளுக்கும் திறந்த சாலை இரண்டாவது. 50 அங்குலமோ அதற்கும் குறைவோ அகலமுள்ள வண்டிகளுக்கான தடம் மூன்றாவது. சில காடுகளில் இதைவிட அகலமான வண்டிகளுக்கென்று தனித் தடங்களும் உண்டு. அளவை அந்தந்த வரைபடத்தின் குறியீட்டுப் பெட்டியில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாதைக்கும் திறந்திருக்கும் தேதிகள் அட்டவணையில் இருக்கும். ஆகஸ்டில் போய்ப் பார்த்து வைத்த பாதை, நவம்பர் வேட்டைப் பருவத்தில் மூடியிருப்பது சர்வ சாதாரணம்.

முதல் வகைச் சாலையில் பதிவெண் இல்லாத சைட்-பை-சைடு போகக் கூடாது. அரிசோனா, யூட்டா, மொன்டானா போன்ற மாநிலங்களில் கண்ணாடி, ஹாரன், விளக்குகள் என்று தேவையானதைப் பொருத்திப் பதிவெண் வாங்கிவிடலாம். கலிபோர்னியாவில் அந்த வழியே கிடையாது. மூன்றாவது வகைத் தடத்தில் பிக்கப்புக்கு இடமில்லை என்பது தெரிந்ததே. பலருக்கும் உறைக்காத விஷயம், வேட்டைக்காரர்கள் வாங்கும் சைட்-பை-சைடுகளில் பெரும்பாலானவற்றுக்கும் அங்கே இடமில்லை என்பதுதான். போலரிஸ் ரேஞ்சர் எக்ஸ்.பி. 1000, கேன்-ஆம் டிஃபெண்டர் இரண்டுமே 60 அங்குலத்துக்கு மேல். 50 அங்குலத்துக்குள் அடங்குபவை ஹோண்டா பயனியர் 520, போலரிஸ் ஆர்.இசட்.ஆர். டிரெயில் மாதிரி ஒரு சிலதான். அந்த அகலத்துக்கு வர அவை கொடுக்கும் விலை நிலைத்தன்மை: சரிவில் குறுக்காகப் போகும்போது 50 அங்குல வண்டி சீக்கிரம் சாயும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. உரிமம் கிடைத்திருக்கும், அல்லது கேட்கப்போகும் வேட்டைப் பகுதியின் எம்.வி.யூ.எம்.-ஐ எடுங்கள். பிக்கப் போகக்கூடிய கடைசிப் புள்ளிகளை ஒரு நிறத்தில் குறியுங்கள். 62 முதல் 65 அங்குல வண்டி போகக்கூடிய கடைசிப் புள்ளிகளை இன்னொரு நிறத்தில், 50 அங்குலத்துக்கு மூன்றாவது நிறத்தில். பிக்கப்பின் கடைசிப் புள்ளிக்கும் சைட்-பை-சைடின் கடைசிப் புள்ளிக்கும் நடுவே இரண்டு மைலுக்கும் குறைவு என்றால் சைட்-பை-சைடு வாங்க அந்தப் பகுதி ஒரு காரணமே இல்லை. அந்தத் தூரத்தை இருட்டோடு எழுந்து நடந்துவிடலாம், சத்தமும் இருக்காது. ஆறு, எட்டு மைல் என்றால் யோசிக்கலாம்.

1964 வனாந்தரச் சட்டத்தின் கீழ் ஒதுக்கிய பகுதிகளில் எந்த மோட்டாருக்கும் அனுமதி இல்லை. இறைச்சி இழுக்கும் இரண்டு சக்கரக் கைவண்டிகூடக் கூடாது. உங்கள் வேட்டை அந்த எல்லைக்குள் என்றால் இரண்டு வண்டியும் ஒன்றுதான்: பாதை முகப்பில் நிறுத்திவிட்டு முதுகிலோ கோவேறு கழுதையிலோ சுமக்க வேண்டியதுதான். சில காடுகளில், சுட்ட விலங்கை எடுத்து வர மட்டும் பாதையை விட்டுக் குறிப்பிட்ட தூரம் வண்டியை இறக்கலாம் என்ற சலுகை உண்டு. அது எல்லாக் காட்டிலும் கிடையாது, எல்லா விலங்குக்கும் கிடையாது. இருக்கிறது என்றால் அது வரைபடத்திலேயே அச்சாகியிருக்கும். அங்கே சைட்-பை-சைடின் மதிப்பு ஒரேயடியாகக் கூடிவிடுகிறது.

சைட்-பை-சைடு தானாக மலையேறி வராது

ஒப்பீடு தடம் மாறுவது இங்கேதான். பிக்கப் வீட்டிலிருந்து முகாம் வரை ஓடும், முகாமிலிருந்து காட்டுக்குள்ளும் ஓடும். சைட்-பை-சைடை யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆகவே உண்மையான தேர்வு, பிக்கப் மட்டும் போதுமா, இல்லை பிக்கப்போடு டிரெய்லரும் சைட்-பை-சைடும் சேர்ந்து வேண்டுமா என்பது.

எடைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முழு அளவு இரண்டு-மூன்று இருக்கை சைட்-பை-சைடு, எரிபொருள் இல்லாமல் சுமார் 1,600 பவுண்டு. எரிபொருள், கூரை, முன் கண்ணாடி, வின்ச் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவி) எல்லாம் சேர்ந்தால் 1,800. அதைச் சுமக்கும் 6-க்கு 12 அடி ஒற்றை அச்சு டிரெய்லர் சுமார் 900. ஆக 2,700 பவுண்டு. பல ஒற்றை அச்சு டிரெய்லர்களின் மொத்த எடை வரம்பு 2,990 பவுண்டு என்றுதான் தகட்டில் இருக்கும். 3,000-ஐத் தொட்டால் பல மாநிலங்களில் டிரெய்லருக்கே பிரேக் கட்டாயமாகிவிடும் என்பதால் அப்படி. ஆக மிஞ்சுவது 290 பவுண்டு. சைட்-பை-சைடின் தொட்டியில் கூடாரம், நாற்காலி, விறகு என்று அடுக்கினால் சத்தமில்லாமல் வரம்பு தாண்டிவிடும். நான்கு கதவு மாடல் என்றால் நீளம் 12 அடியைத் தாண்டும். 14 அடி டிரெய்லருக்குக் கீழே இறங்காதீர்கள்.

டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரோலே கொலராடோ, நிசான் ஃபிரான்டியர் பிக்கப்புகள் எல்லாமே இந்த எடையை இழுக்கும். (ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப், போலரிஸ் ரேஞ்சர் சைட்-பை-சைடு, பழைய வண்டி விளம்பரம் தேடும்போது கவனம்.) ஃபோர்டு மேவரிக் 4,000 பவுண்டு இழுவைப் பொதியோடு வாங்கியிருந்தால் மட்டும் இழுக்கும், அது இல்லாத மேவரிக்கின் வரம்பு 2,000. இழுவையைவிட முன்னால் முட்டுவது சுமைத் திறன்தான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் அமர வேண்டும், இல்லையென்றால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். 2,700 பவுண்டில் 12 சதவீதம் ஏறக்குறைய 325. இந்த 325-ம் பிக்கப்பின் சுமைக் கணக்கில் சேரும் என்பதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு தாண்டக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கான எண் இருக்கும். விளம்பரத்தில் உள்ள எண் வேறு, இது வேறு. நான்கு கதவு நடுத்தர பிக்கப்பில் 1,100 பவுண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உடுப்போடு இரண்டு ஆட்கள் 400. பின்தொட்டி மூடி 170. முகாம் சாமான் 200. பத்து கேலன் தண்ணீர் 83. ஐஸ் நிரப்பிய இரண்டு குளிர்பெட்டி 150. இதுவே 1,003. எலும்பு நீக்கிய எல்க் இறைச்சி 220 பவுண்டு ஏறினால் தகட்டைத் தாண்டியாகிவிட்டது. டிரெய்லர் கொக்கியின் 325-ஐச் சேர்த்தால் பேச்சே இல்லை. இரண்டு வேட்டைக்காரர்களும் ஒரு சைட்-பை-சைடும் என்று திட்டமிடுபவர்கள் ஒன்று பின்தொட்டி மூடியைக் கழற்றிவிட வேண்டும், அல்லது முகாம் சாமானை டிரெய்லருக்கு மாற்றி அதன் அச்சு வரம்பை உயர்த்த வேண்டும். பின் வில்பட்டையைத் தடிப்பாக மாற்றினால் வண்டி தாழாமல் நிற்கும். தகட்டிலுள்ள எண் மாறாது.

டிரெய்லரில் ஏற்றும்போது எடையின் நடுப்பகுதி அச்சுக்குச் சற்று முன்னால் வருமாறு நிறுத்துங்கள். நான்கு மூலையிலும் நான்கு ராட்செட் பட்டை, உடற்சட்டத்தில் மாட்டி. பாதுகாப்புக் கூண்டில் மாட்டாதீர்கள். முன் கண்ணாடி பொருத்திய வண்டியைப் பின்புறமாகத் திருப்பி ஏற்றவே கூடாது. பின்னாலிருந்து வரும் காற்று கண்ணாடியையும் கூரையையும் பிய்த்து எறிந்துவிடும். டிரெய்லருக்கென்று தனி மாற்றுச் சக்கரமும், ஒரு செட் சக்கர பேரிங்கும் கிரீஸும் எடுத்துப் போகாமல் கிளம்ப வேண்டாம். வேட்டைப் பயணங்கள் பாதியில் நிற்பதற்கு சைட்-பை-சைடைவிட அதைச் சுமக்கும் டிரெய்லர்தான் அதிகம் காரணம். வருடம் முழுக்க முற்றத்தில் மழையில் நின்றுவிட்டு ஒரே நாளில் 400 மைல் ஓடச் சொன்னால் பேரிங் என்ன செய்யும்?

பிக்கப் மட்டும் என்றால்

நான்கு சக்கர இயக்கம் மட்டும் பார்க்காதீர்கள். கீழ்க் கியர், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் நிலை, இருக்கிறதா என்று பாருங்கள். டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், கொலராடோ, ஃபிரான்டியர், ஜீப் கிளாடியேட்டர் இவற்றின் நான்கு சக்கர மாடல்களில் அது உண்டு. மேவரிக், ஹூண்டாய் சாண்டா குரூஸ் இரண்டிலும் இல்லை. சரளைச் சாலைக்கும் லேசான பனிக்கும் இவை தாராளமாகப் போதும். மழைக்குப் பிறகு களிமண் செங்குத்தில், இறைச்சிச் சுமையோடு இறங்கும்போதுதான் கீழ்க் கியர் இல்லாதது தெரியும்: பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சக்கரம் பூட்டி வண்டி சறுக்கும். 2023 வரை வந்த நான்கு சக்கர டகோமாக்களின் பின் அச்சுப் பூட்டு (பின் சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சுழல வைப்பது) கீழ்க் கியரில்தான் வேலை செய்யும். அவற்றில், மாட்டிக்கொண்ட பிறகு மேல் கியரில் வைத்துப் பொத்தானை அழுத்திப் பயனில்லை.

செலவு செய்ய வேண்டிய முதல் இடம் டயர். கூரான கல் நிறைந்த மலைச் சாலையில் மெல்லிய பக்கச்சுவர் கொண்ட பயணி வகை டயர் பக்கவாட்டில் கிழியும், அதைத் தைக்க முடியாது. எல்.டி. (லைட் டிரக்) வகை, முடிந்தால் கடும் பனிக்கு ஏற்றது என்று காட்டும் மலைச்சிகரப் பனிச்சின்னம் உள்ள ஆல்-டெரெய்ன் டயர் போடுங்கள். 35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் சலவைப்பலகை போலத் திரைந்த சரளைச் சாலையில் வண்டி பின்பக்கம் துள்ளும். 22 முதல் 25-க்கு இறக்கினால் பிடிமானமும் கூடும், டயர் வெட்டுப்படுவதும் குறையும். ஆழமான சேறு, மணலுக்கு 15 முதல் 18. திரும்ப ஏற்ற, பேட்டரியில் நேராகக் கவ்வும் 12 வோல்ட் கம்பிரஸர் வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகை பிக்கப் டயருக்கு ஃபியூஸைத்தான் எரிக்கும்.

மீட்புச் சாமான் அதிகம் வேண்டாம்: 30 அடி இழுவிசைக் கயிறு, இரண்டு மென் ஷாக்கிள் (கயிற்றாலான இணைப்பு வளையம்), இரண்டு மீட்புப் பலகை, நீண்ட கைப்பிடி மண்வெட்டி, தரமான ஜாக், ஜாக்குக்கு அடியில் வைக்க ஓரடி சதுரப் பலகை. தனியாகப் போகிறவர் என்றால் மட்டும் வின்ச். வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் என்பது கணக்கு. நடுத்தர பிக்கப்புக்கு 9,000 பவுண்டு வாக்கில் வரும்.

பிக்கப்பின் பலவீனம் நீளம். இப்போதைய டகோமாவின் அச்சுகளுக்கிடையே 132 அங்குலமோ 145 அங்குலமோ இருக்கும். போலரிஸ் ரேஞ்சருக்கு 81 தான். மலைச்சரிவில் வெட்டிய ஒற்றை வழிப் பாதையில் மரம் விழுந்து கிடந்தால் சைட்-பை-சைடு நாலைந்து அசைவில் திரும்பிவிடும். பிக்கப் கால் மைல் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும். ஒரு சங்கிலி ரம்பம் வைத்திருப்பது இதற்காகத்தான். தரை இடைவெளியிலும் சைட்-பை-சைடு 13 அங்குலத்தைத் தொடும். பிக்கப் பொதுவாக 9 முதல் 11.

ஆனாலும் வடமேற்குக் குளிரில், ஈரமான இருவர் ஏறி உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, மூடிய கதவுக்குள் துப்பாக்கி தூசு படாமல் இருக்க, அப்படியே 60 மைல் தள்ளியுள்ள இறைச்சிக் கூடத்துக்குப் போக முடிவது பிக்கப்பில் மட்டும்தான். மூடியுள்ள பின்தொட்டியில் படுக்கவும் செய்யலாம். தூங்கும்போது மட்டும் எஞ்சினை ஓடவிடாதீர்கள். பனி புகைக்குழாயை மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளேதான் வரும்.

சைட்-பை-சைடு: எல்லாம் பெல்ட்டைச் சுற்றியே

போலரிஸ் ரேஞ்சர், கேன்-ஆம் டிஃபெண்டர், கவாசாகி மியூல் எல்லாம் சி.வி.டி. ரப்பர் பெல்ட்டில், அதாவது எஞ்சினின் சுழற்சியை இரண்டு கிளட்சுகளுக்கிடையே கடத்தும் பெல்ட்டில், ஓடுபவை. காட்டில் சைட்-பை-சைடு நிற்பதற்கு முதல் காரணம் அந்த பெல்ட். பெல்ட் தானாகக் கெடுவது குறைவு, ஓட்டுபவர்தான் எரிக்கிறார். மேல் கியரில் வைத்துக்கொண்டு மெதுவாக, கனமான சுமையோடு ஏற்றத்தில் ஏறுவதுதான் பெரிய குற்றவாளி. அந்த வேகத்தில் கிளட்ச் முழுதாகக் கவ்வாது. பெல்ட் வழுக்கி, சூடேறி, பளபளப்பாக மழுங்கிவிடும். 15 மைல் வேகத்துக்குக் கீழே, செங்குத்து, சேறு, சுமை, இழுவை இதில் எது இருந்தாலும் கீழ்க் கியர். டிரெய்லரில் ஏற்றும்போதும் கீழ்க் கியர். மாட்டிக்கொண்ட வண்டியை ஆக்ஸிலேட்டரை மிதித்தே வெளியே எடுக்கலாம் என்று நினைப்பது இன்னொரு வழி: சக்கரம் நிற்கும், கிளட்ச் சுழலும், ஒரே இடத்தில் உரசி பெல்ட்டில் பள்ளம் விழும். அதன்பிறகு ஓடும்போது தட் தட் என்று அடிக்கும். கடுங்குளிரில் பெல்ட் விறைத்திருக்கும்; முதல் சில நிமிடம் மெதுவாக ஓட்டிச் சூடேற்றுங்கள்.

ஓடையைக் கடக்கும்போது கிளட்ச் பெட்டிக்குள் நீர் புகுந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. பெட்டியின் அடியில் வடிகால் அடைப்பான் இருந்தால் திறந்து விடுங்கள். இல்லையென்றால் நியூட்ரலில் வைத்து எஞ்சினைச் சற்று ஏற்றி இறக்கினால் நீர் சிதறி வெளியேறும். எரிந்த ரப்பர் வாடை அடித்தால் உடனே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

மாற்று பெல்ட் ஒன்று, கிளட்சை விரிக்கும் கருவி, மேல் உறைத் திருகுகளுக்கான சாக்கெட் மூன்றும் வண்டியிலேயே இருக்கட்டும். வீட்டு முற்றத்தில் வெளிச்சத்தில் ஒரு முறை கழற்றி மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் அரை மணி ஆகும் வேலை, பனியில் தலைவிளக்கோடு ஒன்றரை மணி. பழைய பெல்ட் பிய்ந்து போயிருந்தால் அதன் நார்கள் ஒன்றுகூட விடாமல் கிளட்சிலிருந்தும் காற்றுக் குழாயிலிருந்தும் எடுக்க வேண்டும். விட்டால் புது பெல்ட்டும் சீக்கிரமே போகும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஹோண்டா பயனியர் 1000-இல் பெல்ட் கிடையாது. கார் மாதிரி பல்சக்கரக் கியர்பெட்டி, இரட்டைக் கிளட்ச். இறக்கத்தில் எஞ்சின் பிரேக் உறுதியாகப் பிடிப்பது இதன் பெரிய லாபம். குபோட்டா ஆர்.டி.வி. டீசல் மாடல்களில் எண்ணெய் அழுத்தத்தால் ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் இயக்கம்: மெதுவான வண்டி, கனமான வண்டி, ஆனால் எரிப்பதற்கு பெல்ட் என்று ஒன்று இல்லை. வேட்டைக்கு என்று மட்டும் வாங்குபவர் ஹோண்டாவை முதலில் பார்ப்பது நல்லது. வேகம் வேட்டையில் எதற்கும் உதவாது.

சத்தம் விஷயத்தில் யாரும் தங்களை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். ஆயிரம் சி.சி. எஞ்சின் திறந்த கூண்டில் இருக்கைக்கு அருகிலேயே அலறுகிறது. மெதுவாக உருளும் பிக்கப்பைவிட வெகு தூரம் கேட்கும். எல்க் இருக்குமிடத்துக்கு ஒரு மைல் முன்னாலேயே, நடுவில் ஒரு மேடு மறைக்கும்படி நிறுத்திவிட்டு நடப்பதே சரி. போலரிஸின் மின்சார ரேஞ்சர் எக்ஸ்.பி. கினெட்டிக் சத்தத்தைத் தீர்க்கிறது, 14.9 கிலோவாட்-மணி பேட்டரியோடு 45 மைல், 29.8-ஓடு 80 மைல் என்பது நிறுவனக் கணக்கு. குளிரும் ஏற்றமும் சேர்ந்தால் அதில் நல்ல பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். முகாமில் சார்ஜ் போட ஜெனரேட்டர் ஓட்டினால் அமைதியும் போயிற்று.

தூசு: முன்னால் முழுக் கண்ணாடி மாட்டிப் பின்னால் திறந்துவிட்டால் காற்றுச் சுழல் பின்னாலிருந்து தூசை உள்ளே இழுக்கும். ஒன்று அரைக் கண்ணாடி, இல்லையென்றால் பின்தட்டியும் சேர்த்து. துப்பாக்கி முகவாயில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அதிர்வில் தொலைநோக்கியின் பிடிமானத் திருகுகள் தளரும். டார்க் (முறுக்குவிசை காட்டும்) திருப்புளியால் அவ்வப்போது சரிபார்த்து, முகாமைவிட்டுத் தள்ளிப் போய் ஒரு குண்டு சுட்டு இலக்கை உறுதி செய்துகொள்ளுங்கள்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் திறனை இழக்கும். 82 குதிரைத்திறன் வண்டி 10,000 அடியில் 57 வாக்கில் வந்து நிற்கும். டர்போ இல்லாத பிக்கப்புக்கும் இதே விதிதான், ஆனால் அதற்குக் கையில் மிச்சம் அதிகம்.

துப்பாக்கியும் இறைச்சியும்

வண்டியில் குண்டேற்றிய துப்பாக்கி பற்றிய விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சைட்-பை-சைடுக்குப் பிக்கப்பைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். கொலராடோ மாநிலத்தில் பிக்கப்புக்குள் நீளத் துப்பாக்கியின் குண்டறை காலியாக இருந்தால் போதும். சைட்-பை-சைடு போன்ற காட்டு வண்டியில் குண்டறை, மேகசின் இரண்டும் காலியாக இருக்க வேண்டும். துப்பாக்கி முழுவதும் மூடிய உறைக்குள் இருக்க வேண்டும். ஒரு முனை திறந்த உறை அங்கே செல்லாது. கடைகளில் சைட்-பை-சைடுக்கென்றே விற்கும் துப்பாக்கிப் பிடிகள் பல இந்த வரியில் தோற்றுவிடும். தேசியக் காட்டுச் சாலையின் மேலிருந்தோ குறுக்கேயோ சுடுவது எந்த வண்டியில் வந்தாலும் குற்றம். எஞ்சினில் தீப்பொறித் தடுப்பான் இருப்பதும் தேசியக் காடுகளில் கட்டாயம். வெளியில் வாங்கி மாற்றிய புகைக்குழாயில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இறைச்சி எடுப்பதில் சைட்-பை-சைடின் சாய்க்கும் தொட்டியும் முன் வின்ச்சும் வசதிதான். முழு மானை மேலே ஏற்ற, முன் வின்ச் கயிற்றைக் கூண்டுக்கு மேலே ஒரு கப்பியில் கொண்டுவந்து பின்னால் இறக்கி இழுக்கலாம். எல்க் என்றால் முழுதாக ஏற்றும் நினைப்பையே விடுங்கள். பெரிய ஆண் எல்க் 700 பவுண்டு வரும். விழுந்த இடத்திலேயே நான்கு கால் பகுதிகளாகப் பிரித்து, காற்றோட்டமான துணிப்பையில் போட்டு, எலும்பு நீக்கினால் 120 குவார்ட் குளிர்பெட்டி இரண்டில் அடங்கும். பாலினச் சான்று (ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு) இறைச்சியோடு இயற்கையாக ஒட்டியபடி இருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் கேட்கும், அதற்கேற்ப வெட்டுங்கள். மான்களைத் தாக்கும் நாட்பட்ட மெலிவு நோய் காரணமாக, மூளையும் முதுகுத்தண்டும் எல்லை தாண்டக் கூடாது என்ற தடை பல மாநிலங்களில் உண்டு. எலும்பை முகாமிலேயே நீக்கிவிட்டால் சட்டமும் தீர்ந்தது, பிக்கப்பின் சுமைக் கணக்கும் இளகும். சைட்-பை-சைடின் திறந்த தொட்டியில் இறைச்சி வைத்து எட்டு மைல் தூசில் வந்தால் பைக்கு மேல் தார்ப்பாய் அவசியம்.

மூன்றாவது ஆள்

ஜப்பானின் கேய் டிரக் என்ற குட்டிச் சரக்கு வண்டியை இங்கே விட்டுவிட்டால் நியாயமில்லை. சுசுகி கேரி, டைஹாட்சு ஹைஜெட், ஹோண்டா ஆக்டி, சுபாரு சாம்பர். 660 சி.சி. எஞ்சின், 55 முதல் 58 அங்குல அகலம், மூன்று பக்கமும் மடங்கும் ஆறடிக்கும் மேற்பட்ட தட்டு, மூடிய அறை, ஹீட்டர். 25 ஆண்டு கடந்தவற்றை அமெரிக்காவுக்குள் இறக்கலாம். புது சைட்-பை-சைடின் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். ஹோண்டா ஆக்டி அட்டாக் போன்ற விவசாய மாடல்களில் மிகக்கீழ்க் கியரும் பின் அச்சுப் பூட்டும் இருக்கும். குறைகள்: தரை இடைவெளி குறைவு, நெடுஞ்சாலையில் 60 மைலுக்கு மேல் திணறும், மோதலில் முழங்கால்தான் பம்பர், சில மாநிலங்கள் பதிவெண்ணே தராது. முதலில் உங்கள் மாநிலப் பதிவு அலுவலகத்தைக் கேளுங்கள், பிறகு வண்டி தேடுங்கள்.

யாருக்கு எது

ஒவ்வொரு பருவமும் வேறு வேறு பகுதிக்கு உரிமம் வாங்குபவர், பொதுநிலத்தில் வேட்டையாடுபவர், ஒரே வண்டிக்கு மட்டும் காசு உள்ளவர்: கீழ்க் கியருள்ள பிக்கப், நல்ல டயர். டெக்சாஸில் குத்தகை நிலம் எடுத்திருப்பவருக்குச் சைட்-பை-சைடு தெளிவான தேர்வு. தனியார் நிலத்தில் அகலக் கட்டுப்பாடு கிடையாது, பதிவெண் வேண்டாம், அங்கேயே கொட்டகையில் நிறுத்திவிட்டு வரலாம். மானை ஈர்க்க வைக்கும் தீவனப் பெட்டிகளுக்கு 50 பவுண்டு மக்காச்சோள மூட்டைகளைக் கொண்டுபோய்ப் போட அதைவிடத் தோதான வண்டி இல்லை. மூட்டுவலியால் ஆறு மைல் நடக்க முடியாத மூத்தவர் குழுவில் இருந்தாலும் அப்படியே. ஏற்கெனவே இழுவை வண்டி இருந்து, ஒரே மலையில் வருடாவருடம் வேட்டையாடி, அங்கே 65 அங்குலத் தடங்கள் திறந்திருந்தால் இரண்டும் வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். கார் காப்பீடு சைட்-பை-சைடைச் சேர்த்துக்கொள்ளாது.

பராமரிப்பிலும் கணக்கு வேறு. பிக்கப்புக்கு எண்ணெய் மாற்ற மைல் கணக்கு ஆயிரக்கணக்கில். சைட்-பை-சைடுக்கு 100 மணி நேரம் அல்லது 1,000 மைல் வாக்கில், அதுவும் எஞ்சின், கியர்பெட்டி, முன் டிஃபரென்ஷியல் என்று தனித்தனியாக. தூசான இடத்தில் காற்று வடிகட்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டும்.

பழைய பிக்கப் வாங்கினால் உடற்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், குறிப்பாகப் பின் வில்பட்டை மாட்டும் இடத்தில். உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய பழைய டகோமாக்களின் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிப்பது பிரசித்தம். கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்டால் வேண்டாம்.

பழைய சைட்-பை-சைடு என்றால் இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். பெல்ட் உறையைக் கழற்றச் சொல்லுங்கள். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னினாலோ கிளட்ச் தட்டில் விரல் நகம் சிக்கும் பள்ளம் இருந்தாலோ கிளட்சும் சேர்த்து மாற்ற வேண்டிய செலவு. முன் டிஃபரென்ஷியல் எண்ணெய் பால்காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டி பேரிங், பால் ஜாயின்ட் ஆட்டத்தைப் பாருங்கள். சக்கரங்களைத் தாங்கும் கைகள் சட்டத்தில் சேருமிடத்தில் புதுப் பெயிண்ட் மட்டும் தனியாகத் தெரிந்தால் அதன் அடியில் வெல்டிங் இருக்கும். கடைசியாகக் காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு, அதற்கு அப்பால் எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் தூசு வந்தால் அது எஞ்சினுக்குள்ளும் போயிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.